பரிமளாக்கா இப்போது நேரலையில்

இன்னும் கட்டாகவில்லை. பேசிக்கொண்டுதான் இருக்கிறார். "வாங்க வாங்க, மத்தியானத் தூக்கத்த விட்டுப்போட்டு வந்திருக்கறீங்க, உங்களச் சும்மா அனுப்புவனா" என்று பரிமளாக்கா சிரிக்கும்போது போனில் அந்த முகம் ஒரு நொடி அப்படியே நின்றுபோகிறது, போச்சு, பக்கத்தையே எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன், அதற்குள் வாய் அசைந்துவிடுகிறது, நெட்தான் இழுத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. கையில் மெரூன் நைட்டி, அதன் கழுத்தோரம் மஞ்சள் பைப்பிங். பின்னால் அவர் வீட்டுப் பச்சைச் சுவர், ஒரு கம்பியைக் குறுக்கே கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். அவர் சூரம்பட்டியில் பேசுகிறார், நான் ஈரோட்டின் இந்தக் கோடியில் என் குடோனில் பிரிக்காத ஒரு துணிப் பேல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் அவருடைய பக்கத்தின் மேல் புகார் கொடுத்தவன் நான்தான். இதில் ஓடுகிற பழைய வீடியோவெல்லாம் என் கடையுடையது, என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. வேண்டாம், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொன்றும் அனுப்பினேன். இரண்டும் கிளம்பிப் போய்விட்டன. எந்த ஊரில் யார் படிப்பார்கள், ஆள் படிக்குமா மிஷின் படிக்குமா, முதலில் போனதுதான் முதலில் போய்ச் சேருமா, ஒன்றும் தெரியாது. தீபாவளிக்கு எடுத்த சரக்கையெல்லாம் அந்த ஒற்றை அறையில் அடுக்கிவைத்துக்கொண்டு அவர் போடுகிற முதல் பெரிய லைவ் இது. பக்கம் போனால் இத்தனை பேரும் எங்கே தேடுவார்கள்? தேட மாட்டார்கள். விரலால் ஒரு தள்ளு, அடுத்த ஆள், அடுத்த நைட்டி. ஜனம் அப்படித்தான். என்னைவிட யாருக்கு அது தெரியும்.

மின்விசிறி சுற்றச் சுற்றப் புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறுகிறது. இந்த வாசத்துக்குள்ளேதான் எல்லாம் ஆரம்பித்தது, இதே குடோன், அதோ அந்த மேசைக்கு முன்னால். வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம், கடைகடையாகச் சரக்குக் கொடுத்துச் சலித்துப்போய், நேராக ஜனத்துக்கே விற்கலாமென்று போனை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் போட்டேன். "இது நூறு சதவீதப் பருத்தியால் ஆனது" என்று நான் சொன்னதைக் கேட்டு அப்போதே ஒருத்தர் 'சார் எந்த ஸ்கூல்?' என்று கமெண்டில் போட்டார். ஏழெட்டுப் பேர் பார்த்திருப்பார்கள், அதில் பாதி என் சொந்தக்காரர்கள். யாரோ ஓர் அம்மா, பாக்கெட் இருக்குதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் சரக்கு, எனக்குத் தெரியவில்லை. நைட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பின்னால் மடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு குரல், "இருக்குதுங்க்கா, வலது பக்கம். போனு வெக்கலாம், சாவி வெக்கலாம், ஊட்டுக்காரருக்குத் தெரியாம அம்பது ரூவாயும் வெக்கலாம்." அவ்வளவுதான், திரையில் இதயமாகக் கிளம்பிப் பறந்தது பாருங்கள், நான் அதுவரை ஒரு இதயம்கூடப் பார்த்ததில்லை. யாருங்க அது, முன்னால வரச் சொல்லுங்க என்று கேட்டார்கள். மடிப்புக்கும் பேக்கிங்குக்கும் வந்துகொண்டிருந்த பரிமளாக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் போனைப் பார்க்கவே இல்லை, போனுக்குள் இருக்கிறவர்களைப் பார்த்தார். நான் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அன்றைக்குப் போய் நின்றவன்தான்.

கதை சொல்கிற மாதிரிச் சொன்னால், ஒரு ஊரில் ஒரு வியாபாரி இருந்தானாம், ம் கொட்டுங்கள், அவனுக்கு மூட்டை மூட்டையாகத் துணி இருந்ததாம், வாய் மட்டும் இல்லையாம். தெருவில் போன ஒருத்தி, நான் கொஞ்சம் பேசித் தரட்டுமா என்றாளாம். அவள் பேசப் பேச மூட்டை குறைந்ததாம், குறையக் குறைய அவனுக்கு, பேசுகிறது நான்தானே என்று தோன்றிப்போனதாம். அப்புறம்? அப்புறம் என்ன, கதையில் என்றால் ஏதாவது ஒரு கிளி வந்து உண்மையைச் சொல்லும். இங்கே கோகுல்நாத் வந்தான். கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்தினான், சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஆன்லைனில் விற்கிற வித்தை. மாவு அரைக்கிறவர், ஊறுகாய் போடுகிறவர், பொம்மை தைக்கிறவர் என்று மண்டபம் நிறைய ஆள், முன்னால் அவன் காதில் மைக் மாட்டிக்கொண்டு, "ப்ரோ, ஜனம் பொருளை வாங்கறதில்ல, முகத்தை வாங்குது. உங்க பிராண்டோட முகம் யாரு?" என்று கேட்டான். எல்லாரும் நான் நான் என்று கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பரிமளாக்கா. அவர் கையைத் தூக்கவில்லை, கொடுத்த பிஸ்கட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். "அந்த தம்பி கேக்கறது நல்லா இருக்குது, ஆனா மூச்சு விடாமப் பேசறாரு, பாவம்" என்று என் காதில் சொன்னார். சிரித்தேன். அன்றைக்கு எதற்கெல்லாம் சிரித்தேன் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூட நல்லதாக இல்லை.

"சாயம் போகுமான்னு கேக்கறாங்க கவுந்தப்பாடி அக்கா. போகுமுங்க. பொய் சொல்ல மாட்டேன். மொதத் தண்ணிக்குக் கொஞ்சம் உடும், தனியா நனைச்சு எடுங்க, ஊட்டுக்காரரு வெள்ளை வேட்டியோட சேத்துப் போட்டீங்கன்னா அப்பறம் அவரு மெரூன் வேட்டி கட்டிக்கிட்டுத்தான் கட்சிக் கூட்டத்துக்குப் போகோணும்." கமெண்ட் பொரிந்து தள்ளுகிறது. எனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு, அக்கா டபுள் எக்ஸெல் இருக்கா. இதே பேச்சுக்கு நான் ஒரு தடவை முகத்தைச் சுளித்திருக்கிறேன். சாயம் போகும் என்று எந்தக் கடைக்காரன் சொல்லுவான் என்று அந்தத் துண்டை வெட்டிவிட்டுத்தான் பக்கத்தில் ஏற்றினேன். அந்தத் துண்டைத்தான் ஜனம் கேட்டது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரு நைட்டிக்கு நம்பர் போட்டுவிட்டால், யாருக்குக் கொடுப்பதென்று நான் நேரத்தைப் பார்ப்பேன், அவர் பார்க்க மாட்டார். "ரெண்டு பேர்ல யாரு மாசமா இருக்கறீங்க, அவங்களுக்குக் குடுத்தர்லாம்" என்பார். ஒரு நாள் இரண்டு பேருமே மாசமாக இருந்தார்கள். "அப்ப யாருக்கு முதுகு வலி அதிகம்?" சண்டைக்கு வந்தவர்கள் முதுகுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, லைவ் முடிகிறவரை அதுவே ஓடியது, அன்றைக்குப் போல் விற்றதே இல்லை. கோகுல்நாத் இதற்கு ஏதோ ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னான், மறந்துவிட்டது. மறக்காதது அந்த டீ. எல்லா நினைப்பும் சுற்றிச் சுற்றி அந்த டீயிலேயே வந்து நிற்கிறது, மிஷினில் துணி சிக்கினமாதிரி, பின்னால் இழுத்தாலும் வராமல் முன்னால் தள்ளினாலும் போகாமல்.

லைவ் முடிந்து டீ வந்திருந்தது. அவர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், "தம்பி, வர்றவங்க எல்லாம் பரிமளாக்கா கடைன்னே கேக்கறாங்களாமாங். பேனர்ல ஓரமா எங்கியாச்சும் எம் பேரும் போடலாமுங்களா? சின்னதாப் போட்டாப் போதும்" என்றார். சின்னதாகப் போட்டால் போதும். நான் என்ன சொன்னேன்? கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, கோபம் ஆறிவிடும், நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "துணி என்னுது, போனு என்னுது, பேரு மட்டும் உங்களுதாக்கா?" அவரும் சிரித்தார். "அதுவுஞ் செரிதான்" என்றார். டீயைக் குடித்தார். எழுந்து போய் மிச்சம் இருந்ததை மடித்து வைத்தார், எப்போதும்போல ஓரம் ஓரத்தோடு ஒட்டி. சரிங்க்கா, போட்டுக்கலாம். இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பேனரில் ஒரு வரி சேர்க்க அச்சுக்கடையில் தனியாகக் கேட்கவும் மாட்டார்கள். இல்லை, ஏதோ ஒரு விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அடுத்த நாளாவது சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் ஆயுதபூஜை, பொரி கட்டிக்கொண்டிருந்தார்கள், சத்தமாக இருந்தது. அதற்கடுத்த நாள் என்ன? சத்தமாக இல்லாத நாளும் இருந்திருக்குமே. தை போய் ஆடியும் வந்து போனது. "ஊட்ல இருந்தே பண்ணிப் பாக்கலாம்னு இருக்கறனுங் தம்பி" என்று ஒரு நாள் அவர் சொன்னபோதும் நான், "சரிங்க்கா" என்றேன். சொல்ல வேண்டிய இடத்தில் வராத சரி, சொல்லக் கூடாத இடத்தில் அவ்வளவு சுலபமாக வந்தது. இருங்கக்கா என்று ஒரு வார்த்தை. அவர் வாசலில் செருப்பை மாட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், வார் அறுந்த செருப்புகூட இல்லை, புதுசு. நான் போனில் ஏதோ பார்க்கிற மாதிரி இருந்தேன்.

அவருக்குப் பிறகு லைவில் பேச ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். நல்ல பெண், நல்ல முகம், நன்றாகப் படித்தவள், என்னைப் போலவே பேசினாள். பரிமளாக்கா எங்கே, உடம்பு சரியில்லையா, ஊருக்குப் போயிட்டாங்களா என்றே கமெண்டு. அந்தப் பெண் ஒரு வாரம் பொறுத்து, "சார், நான் அவங்களோட தங்கச்சின்னு வேணா சொல்லட்டுமா?" என்று கேட்டாள். பிறகு வரவில்லை. அதற்குள் 'பரிமளாக்கா நைட்டி' என்று ஒரு பக்கம் கிளம்பிவிட்டது. அதில் அவர் ஏற்றியிருந்ததெல்லாம் இங்கே பேசின பழைய துண்டுகள், இந்த மேசை, இந்த மின்விசிறி, ஒன்றில் என் விரல்கூட ஓரத்தில் தெரிகிறது. கோகுல்நாத்தான் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "ப்ரோ, உங்க வீடியோவ வச்சே உங்க கஸ்டமர இழுக்கறாங்க. ஒரு புகார் தட்டுங்க, சாயந்தரத்துக்குள்ள பக்கம் காலி. தொழில்ல சென்டிமென்ட் பாத்தா ஷட்டர்தான் ப்ரோ." அவனைச் சொல்லி என்ன, விரல் என்னுடையது. 'இந்த வீடியோவின் உரிமையாளர் நீங்கள்தானா?' என்று புகார்ப் படிவம் கேட்டது. ஆம் என்று தட்டினேன். அது பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு இப்போது தொண்டையில் நிற்கிறது, பொய்யாக இருந்தால் துப்பிவிடலாம். தட்டி முடித்ததும் ஒரு நன்றி வந்தது. எதற்கு நன்றி.

ரோஸ் நைட்டி போகிறது. ஊதா வருகிறது. அவர் குனிந்து எடுக்கும்போது பின்னால் அவருடைய நாத்தனாரோ யாரோ, மூட்டையைத் தள்ளிக் கொடுக்கிற கை தெரிகிறது. இப்போது கட்டாகக் கூடாது. இந்த ஊதா போகட்டும். இதுவரை பார்த்ததில் இதுதான் கூட்டம், என் பக்கத்திற்கு இப்படி ஒரு நாளும் வந்ததில்லை, வந்ததா, ஆமாம், அந்த முதுகுவலி நாளில். இன்னும் கொஞ்ச நேரம். எடுக்கிறதானால் முடிந்த பிறகு எடுக்கட்டும், ராத்திரி எடுக்கட்டும், அதற்குள் நான் வேண்டாமென்று அனுப்பின இரண்டாவது போய்ச் சேர்ந்துவிடும், சேர்ந்தால் ஒன்றுமே நடக்காது, அவருக்குத் தெரியவே போவதில்லை, நாளைக்கு நான் இதை நினைத்து வெட்கப்பட்டுக்கொள்ளலாம், யாருக்கும் கேடு இல்லை. ஒரு நைட்டிகூட வாங்கிவிடலாம் அவரிடம். யார் போட்டுக்கொள்வது, பரவாயில்லை, அம்மாவுக்கு. கமெண்டில் 'ஊதா எக்ஸெல் 1' என்று தட்டி அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் பார்த்தேன், அதன் மேல் என்ன பெயர் நிற்கிறது என்று. ஸ்ரீ நிரஞ்சன் நைட்டீஸ். இந்தப் போனில் கடைப் பக்கம் மட்டும்தான் திறந்திருக்கிறது. அப்படியானால் லைவுக்குள் நுழைந்தபோதே என் கடைப்பெயர் திரையில் ஓடியிருக்கும். அவர் பார்த்திருப்பார். எத்தனை நேரமாக நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

'அக்கா ஓனரே நைட்டி கேக்கறாரு' என்று ஒருத்தி போட்டாள். 'ஒட்டுக் கேக்க வந்திருப்பாரு' என்று இன்னொருத்தி. 'அவருக்கு எக்ஸெல் பத்தாது'. சிரிப்பு, சிரிப்பு. நான் போனைக் கவிழ்த்துவிட்டேன். கவிழ்த்தாலும் குரல் கேட்கிறதே. "ஏனுங் இப்படி ஓட்டறீங்க, எங்க தம்பியாக்கும். இவரு குடோன்ல நின்னுதான் நான் பேசவே பழகுனேன். போனை எப்புடி வெக்கறது, வெளிச்சம் மூஞ்சில எப்புடி உழுகறது, எல்லாம் இவரு சொல்லிக் குடுத்தது. வாங்க தம்பி. ஊதா எக்ஸெல்லு உங்களுக்குத்தான், வேற யாரும் கேக்காதீங்க, எடுத்து வெச்சுட்டேன். தீவாளிக்கு முந்தி ஊட்டுப் பக்கம் வாங்க, காபி குடிச்சிட்டு வாங்கிட்டுப் போலாம், கொரியர் காசு எதுக்குத் தண்டமா..." போனை நிமிர்த்தினேன். அவர் ஊதா நைட்டியை மடித்துக்கொண்டிருந்தார், ஓரம் ஓரத்தோடு ஒட்டி. முகத்தில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். இல்லை. மடித்ததைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து, "அடுத்து பாருங்க, இது புதுசா" என்று வாயைத் திறந்தார். அது அப்படியே நின்றது. நெட்தான் என்று நினைத்தேன். நெட்தான். வாய் அசையும். வாய் அசையவில்லை. முகம் போய், கறுப்பு வந்து, இந்த நேரலை முடிந்துவிட்டது என்று ஒரு வரி. பக்கத்தின் பெயரைத் தட்டித் தேடினேன். இல்லை. எழுத்தை மாற்றித் தட்டினேன். இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தர் அதன் சத்தத்துக்கு மேலே யாரையோ டீ சொல்லச் சொன்னார், எல்லாம் இருந்தது.

போன் அடிக்கிறது. அவர்தான். எடுக்காமல் இருக்கலாம். எடுத்துவிட்டேன்.

"தம்பி, லைவ் கட்டாயிருச்சுங். பக்கத்தையே காணமுங். என்னமோ இங்கிலீசுல வருது. நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க, என்னன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு கூப்புட்டேன்." அவர் குரலுக்குப் பின்னால் இரண்டு மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லலாம். நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லலாம். வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. "அக்கா, நான்தான் புகார் குடுத்தேன். காலையில. அப்பறம் வேண்டாம்னு சொல்லியும் எழுதினேன். அது லேட்டாயிருச்சு." அந்தப் பக்கம் யாரோ, என்னவாமாம் என்று கேட்கிறார்கள். பரிமளாக்கா அவர்களிடம், "ஒண்ணுமில்ல, நெட்டுத்தேன், நீங்க அந்த எக்ஸெல்லப் பூராத் தனியா எடுத்து வைங்க" என்கிறார். ஒரு கதவு சாத்துகிற சத்தம். பேச்சுச் சத்தம் தூரமாகப் போய்விடுகிறது. "எதுக்குங் தம்பி?" என்கிறார். "அக்கா, அந்தப் பழைய வீடியோ..." என்று ஆரம்பிக்கிறேன், "செரி உடுங்" என்கிறார். "அழுவறதெல்லாம் அப்பறம். இப்ப எப்புடி எடுக்கறது, அதச் சொல்லுங்." நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிகிறது.

சொல்கிறேன். ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த இங்கிலீஷ் வரிக்குக் கீழே ஒரு நீலப் பொத்தான் இருக்கும், அதைத் தொடுங்கள். அடுத்தது. அடுத்தது. பழைய பழக்கத்தில் என் குரல் நிதானமாக வருகிறது, வெளிச்சத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்கக்கா என்று சொன்ன அதே குரல், அதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. "வந்துருச்சுங்" என்கிறார். "பொட்டி மாதிரி ஒண்ணு வந்திருக்குது. இதுல என்னங் எழுதறது?" புகார் ஏன் தப்பு என்று எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். "ஏன் தப்புன்னா? எனக்கென்னங் தெரியும், குடுத்தது நீங்க. நீங்களே சொல்லுங், எழுதறேன்."

நான் சொல்லுகிறேன், "'இந்த வீடியோல பேசறது நான்'னு எழுதுங்க்கா." ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுகிறார், இந்த, வீடியோல, பேசறது, நான். "ம். அப்பறமுங்?" "'நான் பேசினதாலதான் அந்தக் கடைக்கு ஜனம் வந்துச்சு'ன்னு எழுதுங்க." தட்டுகிற சத்தம் நிற்கிறது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"இது எழுதோணுமுங்களா, இல்ல நீங்களாச் சொல்றீங்களா?"

"எழுதணும்க்கா."

"நான் மொத வரியோட நிறுத்திக்கறனுங் தம்பி. அது எனக்குத் தெரிஞ்சது. ரெண்டாவது நீங்க சொல்ல வேண்டியது. அத உங்க பேர்ல நீங்க எழுதிப் போடுங்" என்கிறார் பரிமளாக்கா, கோபம் இல்லாமல், சரக்கு மடித்துவிட்டு அடுத்த வேலை சொல்லுகிற மாதிரி. "உள்ள ஆளுக காத்திருக்கறாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.